பிரிக்கக் கூடாத பொட்டலம்

என் தம்பி செய்த விளையாட்டை நீங்களும் ஆடியிருப்பீர்கள். இல்லை என்று சொன்னால் நம்பமாட்டேன். டவுன் பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில், யார் போனை எட்டிப் பார்த்தாலும் அதே குத்துவிளக்கு, அதே மூன்று பொட்டலம். ஒன்றில் வெள்ளை அரளி, இரண்டில் சிவப்பு அரளி. ஒன்றைத் தொட வேண்டும். வெள்ளை வந்தால் நினைத்தது நடக்கும், சிவப்பு வந்தால் நடக்காது. முடிந்தது விளையாட்டு. பரிசு கிடையாது, பாயிண்ட் கிடையாது, அடுத்த கட்டம் என்று ஒன்றும் கிடையாது. இந்தச் சின்ன விளையாட்டைக் கொண்டுபோய் மனிதர்களின் உயிரோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள் பாவிகள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் கோகிலவாணி. கோயமுத்தூர் கணபதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். எனக்கு முன்கோபம் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வார்கள். முன்கோபம், பின்கோபம் எல்லாமே உண்டு. நாள் பூராவும் வெயிலில் நின்று விசில் ஊதுகிறவளுக்கு இனிமையான குரல் எங்கிருந்து வரும்?

தம்பி செந்தூரன் எனக்கு நேர்மாறு. அதிர்ந்து பேசமாட்டான். பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேலே அறை எடுத்துத் தனியாக உட்கார்ந்து இந்தப் ‘பூவாக்கு’ விளையாட்டைச் செய்தான். பெயரும் யோசனையும் எங்கள் பக்கத்து வழக்கத்திலிருந்து எடுத்தவை. பெண் பார்க்கப் போவதற்கு முன், கிணறு வெட்டுவதற்கு முன், அம்மன் கோயிலில் பூவாக்குக் கேட்போம். பூசாரி வெள்ளையும் சிவப்புமாக அரளியைக் காகிதத்தில் மடித்து, நூல் சுற்றி, சாமி காலடியில் போடுவார். கேட்கிறவர்கள் ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். எடுக்காமல் விட்ட பொட்டலத்தை மட்டும் யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் சாமியையே சோதித்துப் பார்த்ததாக ஆகிவிடும். அப்படியே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிடுவார்கள்.

செந்தூரன் இதை அச்சுப் பிசகாமல் விளையாட்டில் வைத்தான். நீங்கள் தொடாத பொட்டலங்கள் பிரியாமலே தண்ணீரில் மிதந்து, திரையின் ஓரத்துக்குப் போய் மறைந்துவிடும்.

“இதுல என்னடா இருக்குது? ஒண்ணத் தொட்டா முடிஞ்சுது. இதுக்கா சனம் இப்படிக் கிறுக்குப் புடிச்சுத் திரியுது?” என்று ஒரு நாள் கேட்டேன். கீழே பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னுமாக நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் நாலு பேர் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு அதைத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“தொட்டவுடனே காட்டீட்டா ஒண்ணுமில்லக்கா. காட்டாம இழுக்கோணும். நூல் ஒரு சுத்து பிரியும், நின்னுக்கும். விளக்கு அணையற மாதிரி தாழும். அப்பறம் காகிதம் லேசா விலகி இதழோட ஓரம் மட்டும் தெரியும். அந்த மஞ்ச வெளிச்சத்துல வெள்ளையா சிவப்பான்னு சொல்லவே முடியாது. அந்த எடத்துல பாட்டு, மணி, எல்லாச் சத்தத்தையும் நிறுத்திருவேன்.”

“நிறுத்துனா?”

“நம்ம மூச்சு நமக்கே கேக்கும். அப்பத்தான் ‘மாத்திக்கறீங்களா?’ன்னு ஒரு வார்த்த கேப்பேன்.”

“மாத்துனா வெள்ள வருமாக்கும்?”

“கணக்குல ஒரு வித்தியாசமும் இல்ல. ஆனா கேட்டு முடிச்சதும் அது உங்க முடிவு ஆயிருது பாரு. சிவப்பு வந்தா சாமி மேல கோவம் வராது, என்ற மேலயும் வராது. ‘அடச்சே, அதயே விட்டிருக்கலாமே’ன்னு தன்னத்தானே நொந்துக்குவாங்க. அந்த நோவுலதான் மறுபடியும் ஆடறது.”

“சூட்சுமம் தெரிஞ்சவங்களுக்குமா?”

“எழுதுன எனக்கே கை வேர்க்குதுக்கா” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். விளையாட்டுதானே என்று சிரித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அச்சுக் கிட்னி வந்திருந்தது. அவரவர் உடம்பிலிருந்து துளி சதை எடுத்து, இயந்திரத்தில் அடுக்கடுக்காக அச்சடித்து வளர்த்து, புதுக் கிட்னியாகப் பொருத்திவிடுகிறார்கள். பொருத்தினால் மறுபிறவி. ஆனால் இயந்திரம் கொஞ்சம், நோயாளிகள் கொள்ளை. யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் வேலையை ‘நல்வாக்கு’ என்ற நிறுவனத்திடம் விட்டிருந்தார்கள். ஆரம்பத்தில் நல்வாக்குக்காரர்கள் நேரடியாகவே ‘உங்களுக்கு இல்லை’ என்று சொன்னார்கள். இல்லை என்று கேட்டவர்கள் கண்ணாடியை உடைத்தார்கள், டாக்டரின் சட்டையைப் பிடித்தார்கள், அவினாசி ரோட்டை மறித்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர்கள் செந்தூரனைத் தேடி பேக்கரி மாடிக்கு வந்து, அவன் விளையாட்டை வாங்கிக்கொண்டு போனார்கள்.

இனிமேல் குலுக்கல்தான், ஆளுக்கு இரண்டு வாக்கு, தன் கையாலேயே தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். தம்பியும் நம்பினான். ஏழை பணக்காரன் பார்க்காத ஏற்பாடு என்று எனக்கும் நல்லதாகத்தான் பட்டது. அதற்கப்புறம் ஒரு கண்ணாடி உடையவில்லை. சிவப்பு வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையில் எரிகிற விளக்கைக் கும்பிட்டுவிட்டு, சாவதற்கு வீட்டுக்குப் போனார்கள்.

என் வீட்டுக்காரர் திருமூர்த்திக்கும் கிட்னிதான் போயிற்று. மனிதர் டவுன் பஸ் டிரைவராக இருந்தவர். பஸ்கள் தாமாகவே ஓடத் தொடங்கியதும் வேலை போனது, அதன் பின்னாலேயே உடம்பும் போனது. ஓட்டின காலம் முழுக்க ஒரு கோழிக்குஞ்சைக்கூட நசுக்கியதில்லை. “என்ற கை ராசியான கை” என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு அப்படியொரு பெருமை. டயாலிசிஸில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. என் கிட்னி அவருக்குச் சேராது என்று முன்பே பார்த்துவிட்டோம். இரண்டு கையிலும் ரத்தக்குழாய் நைந்துபோய்விட்டது, அதிக நாள் தாங்காது, அச்சுக் கிட்னி கிடைத்தால்தான் உண்டு என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

முதல் வாக்கில் அவர் வலது பொட்டலத்தைத் தொட்டார். ‘மாத்திக்கறீங்களா?’ என்று திரை கேட்டது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து “மாத்தாதீங்க!” என்று கத்தினேன். அவர் மாற்றினார். சிவப்பு வந்தது.

அன்றிலிருந்து அவர் பழைய மனிதராக இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கையை வெறித்துப் பார்ப்பார். “உன்ற பேச்சக் கேக்காம உட்டுட்டேன் கோகிலா” என்பார். காலையில் சொல்வார், சாயங்காலம் சொல்வார், டயாலிசிஸ் படுக்கையில் படுத்துக்கொண்டு சொல்வார். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. உடம்பில் ஊசி குத்துகிற வலியைப் பொறுத்துக்கொண்டவருக்கு, விரலை இந்தப் பக்கம் வைக்காமல் அந்தப் பக்கம் வைத்துவிட்டதைப் பொறுக்க முடியவில்லை. தப்பு செய்தவர்போல என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.

இரண்டாவது வாக்கு நெருங்கியபோது நான் தம்பியின் அறைக்குப் போய் நின்றேன்.

“எந்தப் பொட்டலத்துல வெள்ள இருக்குது? சொல்லுடா.”

“எனக்கெப்படிக்கா தெரியும்?”

“நீதான செஞ்ச? வெச்சவனுக்குத் தெரியாதா?”

“இப்ப வெக்கறது நானில்லக்கா. மாமா தொட்டதும் நல்வாக்கோட கம்ப்யூட்டர்லருந்து ஒரு நிறம் வரும். வெள்ளன்னா வெள்ளப் பூ காட்டும், சிவப்புன்னா சிவப்பு. என்ற வேல பொட்டலத்தப் பிரிக்கறது மட்டுந்தான்.”

“அப்ப மத்த ரெண்டுல என்ன இருக்கும்?”

“ஒண்ணுமே இருக்காது. நான் மொதல்ல செஞ்சப்ப மூணுலயும் பூ வெச்சுத்தான் மடிச்சேன். சாமி காரியமாச்சே, பொய் எதுக்குன்னு. இவங்கதான், எப்படியும் யாரும் பிரிக்கப் போறதில்ல, எதுக்கு வீண் வேலன்னு எடுக்கச் சொன்னாங்க. எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டியா? ஏன்டா, கிரவுண்டுல டாஸ் போடறப்ப நான் காசோட ரெண்டு பக்கத்தையும் ரெண்டு கேப்டனுக்கும் காட்டிட்டுத்தான் சுண்டுவேன். ரெண்டு பக்கமும் தலையாவே இருந்தா அதுக்குப் பேரு டாஸா?”

செந்தூரனின் முகம் செத்துப்போயிற்று. இத்தனை நாளில் அவன் அப்படி யோசித்துப் பார்த்ததே இல்லை. ஊரில் யாருமே யோசிக்கவில்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து பழகிவிட்டோம். அதற்குள் என்ன இருக்கும் என்று நினைப்பதற்கே பயம்.

“அவங்க கம்ப்யூட்டர் நேர்மையா குலுக்கலாமில்லக்கா” என்றான், அவனுக்கே நம்பிக்கை இல்லாமல்.

“நேர்மையா குலுக்கறவன் எதுக்குடா பூவ எடுக்கச் சொல்றான்?”

அவன் கம்ப்யூட்டரை இழுத்து வைத்து எதையோ தேடிப் பார்த்தான். பிறகு, விளையாட்டைச் சரிபார்ப்பதற்காகத் தான் ஒரு வழி வைத்திருந்ததைச் சொன்னான். மிதந்து போகிற பொட்டலத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அது பிரிந்துகொள்ளும். அதை நல்வாக்குக்காரர்கள் எடுத்திருக்கமாட்டார்கள் என்றான். “நானும் வர்றேன்” என்றான்.

வாக்கு மண்டபம் அவினாசி ரோட்டில் இருந்தது. நுழைந்தால் ஆஸ்பத்திரி வாடையே வராது. சாம்பிராணியும் மல்லிகையும் மணக்கும். மேடையில் ஆள் உயரத்துக்குத் திரை, அதில் குத்துவிளக்கு. வரிசை வரிசையாக நாற்காலிகளில் நோயாளிகளும் அவர்கள் சொந்தபந்தமும். பட்டுப்புடவை கட்டிய நிரஞ்சனா என்ற பெண் அதிகாரி ஒவ்வொருவர் பெயரையும் மைக்கில் தேன் ஒழுகச் சொல்லிக் கூப்பிட்டாள். எங்களுக்கு முன் போன ஒரு காலேஜ் பையனுக்கு வெள்ளை வந்தது. மண்டபமே எழுந்து கை தட்டியது. அவனுடைய அம்மா மேடையில் விழுந்து கும்பிட்டாள். அதைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிறகு திருமூர்த்தி போனார். இடது பொட்டலத்தைத் தொட்டார்.

நூல் ஒரு சுற்றுப் பிரிந்து நின்றது. விளக்கு தாழ்ந்தது. காகிதம் விலகி இதழின் ஓரம் தெரிந்தது. தம்பி பேக்கரியில் சொன்னது ஒவ்வொன்றும் அப்படி அப்படியே நடந்தது. எல்லாம் தெரிந்திருந்தும் நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். சத்தமெல்லாம் நின்றது. இத்தனை பேர் உட்கார்ந்திருந்த மண்டபத்தில் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

‘மாத்திக்கறீங்களா?’

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. “மாத்தல” என்றார்.

சிவப்பு.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சாகச் சொன்னவனுக்கு ஒரு கும்பிடா? மிச்சப் பொட்டலங்கள் இரண்டும் தண்ணீரில் மெல்ல நகர ஆரம்பித்தன. நான் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினேன். மண்டபமே திடுக்கிட்டுத் திரும்பியது.

“அந்த ரெண்டயும் பிரிச்சுக் காட்டுங்க!”

நிரஞ்சனா வாயைத் திறக்கவே தேவை இருக்கவில்லை. அவளுக்கு முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களே பாய்ந்துவிட்டார்கள்.

“ஏம்மா, உனக்கென்ன கிறுக்கா? எடுக்காத பொட்டலத்தப் பிரிக்கலாமா?”

“உங்களுக்கு வெள்ள வரலீன்னா போங்க. எங்க வாக்கு இனித்தான் வருது. சாமி குத்தம் ஆயிப்போச்சுன்னா யாரு பொறுப்பு?”

“அந்தம்மாள மொதல்ல வெளிய இழுங்க!”

ஒரு கை என் தோளைப் பிடித்து இழுத்தது. டயாலிசிஸ் ஊசிக்குக் கட்டுப்போட்ட கை. யாருக்காகக் கத்துகிறேனோ அவர்களே என்னை இழுக்கிறார்கள். அதற்குள் செந்தூரன் மேடையில் ஏறிவிட்டான். மிதந்துகொண்டிருந்த ஒரு பொட்டலத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தான். நூல் பிரிந்தது, காகிதம் மலர்ந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்ததை அழுத்தினான். அதிலும் ஒன்றும் இல்லை. இரண்டு வெற்றுக் காகிதம், ஆள் உயரத்துக்கு, எல்லார் கண்ணுக்கும் எதிரே.

“பாருங்க! வெள்ளயும் இல்ல, சிவப்பும் இல்ல! எதத் தொட்டாலும் ஒண்ணுதான்! நம்மள வெச்சு நாடகம் ஆடறாங்க!” என்று நான் கத்தினேன்.

இப்போது உடைக்கப் போகிறார்கள், இப்போது ஒரு நாற்காலியாவது பறக்கப் போகிறது என்று காத்திருந்தேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார்.

“பிரிக்கக் கூடாதுன்னா கேக்கோணும். பிரிச்சாங்க, சாமி பூவ எடுத்துக்கிச்சு” என்றார்.

மண்டபம் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

எங்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்கள். திருமூர்த்தி வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நிரஞ்சனா கதவைச் சாத்திவிட்டு, எனக்குக் காப்பி சொல்லட்டுமா என்று கேட்டாள். மைக் குரல் போய் சாதாரணக் குரல் வந்திருந்தது.

“குலுக்கலே இல்லையா?” என்று செந்தூரன் கேட்டான்.

“இல்ல சார். அவங்க பதிவு பண்ணுன அன்னிக்கே முடிவாயிரும். வயசு, இன்னும் எத்தன வருசம் இருப்பாங்க, வேலைல இருக்காங்களா, இதெல்லாம் பாத்துக் கம்ப்யூட்டர் சொல்லீரும். உங்க மாமாவுக்கு வேலையில்ல, வயசும் ஐம்பதத் தாண்டீருச்சு. மொத வாக்குலயே இல்லதான்.”

“அப்பறம் எதுக்குடீ ரெண்டு தடவ கூட்டி வெச்சுப் பொட்டலம் பிரிக்கச் சொன்னீங்க?” என்றேன். ‘டீ’ போட்டதற்கு அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

“மேடம், இருக்கறது கொஞ்சம். யாருக்காச்சும் இல்லைன்னு சொல்லித்தான ஆகோணும்? முன்ன நேராச் சொன்னோம். எங்க டாக்டர் ஒருத்தர் தலையில கல்லு பட்டு ஆறு மாசம் படுத்திருந்தாரு. இப்ப யாரும் யாரையும் வெறுக்கறதில்ல. விதின்னு மனசத் தேத்திட்டுப் போயிடறாங்க. சாகப்போறவங்களுக்குக் கோவம் எதுக்கு மேடம்? இது ஒரு கருணை.”

“கருணையா? என்ற வூட்டுக்காரரு கைய வெட்டிப் போட்டரலாமான்னு பாத்துட்டு உக்காந்திருக்காரு. தன்ற கைதான் தன்னக் கொன்னுச்சுன்னு நெனச்சுட்டுச் சாகப்போறாரு. உங்க மேல வரவேண்டிய கோவத்த எடுத்து அவரு மேலயே திருப்பி உட்டுட்டீங்களே, இதுக்குப் பேரு கருணையா? இல்லைன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருந்தா ஒரு கல்ல எடுத்து எறிஞ்சிருப்பாரு. அந்தக் கல்லு எறியற உரிமையாச்சும் அவருக்கு இருந்திருக்கும்!”

அவளுக்கு என் பேச்சு புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். புரிந்ததை என்ன செய்தார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வெளியே வந்து திருமூர்த்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். “அப்ப என்ற கை இல்லியா?” என்றார். “இல்லீங்க. உங்க கையி இல்லீங்க” என்றேன். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மனிதர் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார். “திருட்டுப் பசங்க” என்று ஒரு வார்த்தை திட்டினார். அவர் திட்டுவதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. சாகப்போகிறார் என்று தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது. கோபப்படுகிற மனிதன் உயிரோடு இருக்கிற மனிதன்.

மண்டபத்தில் யாரோ எடுத்த வீடியோ ஊர் பூராவும் சுற்றியது. வெற்றுக் காகிதத்தைப் பார்த்துப் பாதிப் பேர் நல்வாக்கைத் திட்டினார்கள், மீதிப் பேர் என்னைத் திட்டினார்கள். நல்வாக்கு மறுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ‘பொதுமக்களின் கோரிக்கையை ஏற்று, இனி மூன்று பொட்டலங்களும் பிரித்துக் காட்டப்படும். அன்றைய இடையூறால் பாதிக்கப்பட்ட திரு. திருமூர்த்தி அவர்களுக்கு மீண்டும் ஒரு வாக்கு வழங்கப்படும்’ என்று அறிவித்தது. எடுக்காததைப் பிரித்தால் சாமி குற்றம் இல்லையா என்று கேட்டவர்களுக்கு, கோயிலில் பரிகார பூஜை நடத்திப் பிரசாதமும் கொடுத்தார்கள்.

செந்தூரன் ஓடி வந்தான்.

“அக்கா, மூணயும் பிரிக்கற மாதிரி மாத்தித் தரச் சொல்லி என்னத்தான் கூப்பிட்டாங்க. பூவ எப்ப வெப்பீங்கன்னு கேட்டேன். தொட்ட பொறகுதானாம். இல்லைன்னு முடிவான ஆளு எதத் தொட்டாலும் அதுல சிவப்பு வரும். அதுக்குப் பக்கத்துப் பொட்டலத்துல வெள்ள வரோணுமாம். தூரத்துல இருக்கறதுல வரக் கூடாதாம், ஒட்டுன மாதிரி பக்கத்துலயே இருக்கோணுமாம்.”

“நீ என்ன சொன்ன?”

“முடியாதுன்னு வந்துட்டேன். வேற ஆள வெச்சுப் பண்ணிட்டாங்க.”

இதையும் திருமூர்த்தியிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். செந்தூரன் காகிதத்தில் படம் போட்டு விளக்கினான். அவருக்கு நன்றாகப் புரிந்தது. “கை பட்ட பொறகு வெக்கறான். எதத் தொட்டாலும் பக்கத்துல காட்டுவான்” என்று அவரே திருப்பிச் சொன்னார்.

இவ்வளவும் தெரிந்த பிறகு எதற்குப் போனீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஆசைதான். என் வாயை அடைப்பதற்காகவாவது இந்த ஒரு தடவை வெள்ளையைக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஊரே பார்க்கிறது, கேமரா வருகிறது, கொடுக்காமல் இருப்பார்களா? அநியாயமாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, என் மனிதர் பிழைத்தால் போதும் என்றுதான் கூட்டிப்போனேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மண்டபத்தில் அதே சாம்பிராணி. அதே நிரஞ்சனா என்னைப் பார்த்து வணக்கம் சொன்னாள். டிவிக்காரர்கள் ஓரமாக நின்றார்கள். திருமூர்த்தி மெல்ல மேடையேறினார். ஏறுவதற்கே மூச்சு வாங்கியது. விரல் நடுப்பொட்டலத்துக்கு நேரே போய் ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்து இடது பொட்டலத்தைத் தொட்டது.

நூல். விளக்கு. இதழின் ஓரம். ‘மாத்திக்கறீங்களா?’ அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

சிவப்பு.

அவரைக் கூட்டிவர எழுந்தேன். ஆனால் திரையில் இன்னும் முடியவில்லை. புதிதாக ஒரு மணிச் சத்தம் வந்தது. நடுப்பொட்டலம் தண்ணீரில் மெல்ல முன்னால் வந்து, நூல் அவிழ்ந்து, மடிப்பு மடிப்பாகப் பிரிந்தது. அவசரமே இல்லாமல் பிரிந்தது. உள்ளே வெள்ளை அரளி, பனித்துளியோடு, இப்போதுதான் பறித்ததுபோல.

“அடடா!” என்றது மண்டபம். அத்தனை பேரும் ஒன்றாக, வயிற்றிலிருந்து வந்த அடடா. மூன்றாவது பொட்டலமும் சிவப்பாகப் பிரிந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றைக்கு என்னைத் திட்டியவர்களில் ஒருவர் வந்து திருமூர்த்தியின் முதுகில் தட்டி, “மயிரிழைல போச்சுங்களே” என்றார். எனக்கு விசில் ஊதக்கூடத் தோன்றவில்லை. என்னவென்று ஊதுவது? பிரித்துக் காட்டு என்று கேட்டேன், காட்டிவிட்டார்கள்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். டிரைவர் இல்லாத பஸ் ஒன்று வந்து, நின்று, தானாகப் போயிற்று. நாங்கள் ஏறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்.

“நடுவுலதான் இருந்திருக்குது கோகிலா.”

“என்னுங்க நீங்க? அது உங்க கை பட்ட பொறகு வெச்சது. செந்தூரன் படம் போட்டுக் காட்டுனானில்ல?”

“காட்டுனான்.”

“நீங்க நடுவுல தொட்டிருந்தா அதுல சிவப்பத்தான் காட்டியிருப்பாங்க. புரியுதில்லீங்க?”

“புரியுது.”

“அப்பறம் என்னுங்க?”

“மொதல்ல நடுவுலதான் கை போச்சு. நீ பாத்தீல்ல? நாந்தான் இழுத்துட்டேன்.” கண்ணில் நீர் நின்றது. ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். “நல்லவேள, நீ அன்னிக்குச் சண்ட போட்ட. இல்லீன்னா நடுவுல இருந்தது தெரியாமயே போயிருப்பேன்.”

எனக்கு நன்றி சொல்கிறார் மனிதர்.